ஐந்து ஸ்டார் ஏசியா, வெள்ளை மொட்டை மாடியா: வடசென்னை மேல்தள வீட்டுக்கு எது முதலில்?

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி என்றால், ஐந்து ஸ்டார் ஸ்டிக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 750 யூனிட் என்று காட்டும்; மூன்று ஸ்டார் 950ஐ ஒட்டி வரும். இரண்டுமே 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. வித்தியாசம் மணிக்கு எட்டில் ஒரு பங்கு யூனிட்தான். தினமும் எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட் குறையும். (நட்சத்திரத்தின் அளவுகோல் அவ்வப்போது மாறும். ஸ்டிக்கரில் இருக்கும் ஐஎஸ்இஇஆர் எண்ணையும் (இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி என்ற அளவு, அதிகமானால் நல்லது), அந்த லேபிள் செல்லும் காலத்தையும் பாருங்கள்.)

அதே வீட்டில் 75 வாட் பழைய ஃபேன் மூன்றைக் கழற்றிவிட்டு குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால்? தினம் 12 மணி நேரம் வீதம் இரண்டு மாதத்தில் 97 யூனிட் மிச்சம். நட்சத்திரத்துக்குக் கொட்டும் காசை ஃபேனில் போடுவதே லாபம். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும். ரெகுலேட்டரை நடுவில் விட்டுவைத்தால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடும். வோல்டேஜ் எகிறும் தெருக்களிலும் முதலில் சாவது அந்த போர்டுதான். வாரண்டி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு மாத கரண்ட் பில்லில் 500 யூனிட் ஒரு கண்ணி. அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகை விலை போய்விடும். 540இல் நிற்கும் வீடு ஃபேன் மாற்றினாலே 500க்குக் கீழே இறங்கிவிடும்.

ஆனால் ஏசி, ஃபேன் இரண்டும் உள்ளே வந்துவிட்ட வெக்கையோடு மல்லுக்கட்டுபவை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வரிசை வீடுகளில் பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு ஒட்டியிருக்கும். வெயிலை முழுக்க வாங்குவது தளம்தான். பகலில் உறிஞ்சியதை இரவு வெகுநேரம் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரையின் யு மதிப்புக்கு (வெக்கையை எவ்வளவு எளிதில் கடத்தும் என்ற எண், குறைந்தால் நல்லது) வைத்த உச்சவரம்பு 1.2. வெறும் ஐந்து அங்குல காங்கிரீட் 3ஐத் தாண்டும். வெள்ளைப் பூச்சு அந்த எண்ணை மாற்றாது, வெயிலை உள்ளே விடாமலே திருப்பி அனுப்பும்.

இந்த வெள்ளைப் பூச்சுக்கான கூலிங் பெயிண்ட் 600 சதுர அடிக்கு இரண்டு கோட் அடிக்க 25 முதல் 30 லிட்டர் வேண்டும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, விரிசல்களைப் பாலிமர் கலவையால் அடைத்து, பிரைமர் ஒரு கோட். பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட். மழை முடிந்து தளம் நன்றாகக் காய்ந்த பிப்ரவரி, மார்ச்தான் இதற்குச் சரியான நேரம். ஈரத்தின் மேல் அடித்தால் வெயில் ஏறியதும் கொப்புளம் கிளம்பி உரியும்.

பெயிண்டுக்குப் பதில் பதிக்கும் வெள்ளை கூலிங் டைல் அதிக நாள் உழைக்கும், கழுவினால் பளிச்சென்று திரும்பும். மணலி, எண்ணூர் பக்கம் புகையும் தூசும் படிந்து பெயிண்டின் வெள்ளை சீக்கிரம் மங்கும். அங்கே டைலுக்கே என் ஓட்டு. ஒரு அடிக்கு ஒரு அடி டைல் 630 வாங்கினால் உடைசலும் சேர்ந்துவிடும். இணைப்புகளை வெறும் சிமெண்ட்டால் அடைக்க விடாதீர்கள். வெயிலில் விரிந்து சுருங்கிக் கீறல் விடும், மழைத்தண்ணீர் டைலுக்கு அடியில் தங்கும். டைலுக்குப் பெரிய எதிரி எடை. ஒரு அங்குலக் கலவையோடு சதுர மீட்டருக்கு 70 கிலோ, 600 சதுர அடிக்கு நான்கு டன் வரை ஏறும். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் கம்பி துருப்பிடித்து சீலிங் பெயர்ந்திருக்கும் கட்டடத்தில் இதை நினைக்கவே வேண்டாம். முதலில் கம்பியைச் சரிசெய்ய வேண்டும்.

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் தனி ரகம். தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தளம் அது. ரப்பர் மாதிரி படியும் பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி விட்டம் உளுத்துப்போகும். அங்கே பழைய சுண்ணாம்பு வெள்ளையே போதும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் ஏசி வேண்டுமென்றால், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர் ஸ்டாரைவிட அவுட்டோர் யூனிட் காயிலில் துரு தடுக்கும் பூச்சு உண்டா என்று கேட்பது நல்லது. உப்புக்காற்றில் அலுமினியத் தகடுகள் பொடிந்தால் ஐந்து ஸ்டார் மெஷினும் கூடுதல் கரண்ட் இழுக்கும். கடலுக்கு முதுகு காட்டிய சுவரில் மாட்டி, மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். போர்வெல் உப்புத்தண்ணீர் கூடவே கூடாது.