நான்காம் நாள் காலை: எந்தக் குதிரைப் பயணம் யாருக்கு?

குதிரைப் பயணத்துக்கு இடம் தேடும்போது முதலில் மனசைப் பிடிப்பது படங்கள்தான். கடலோரத்தில் தண்ணீரைத் தெறிக்கவிட்டு ஓடும் குதிரைகள், புல்வெளியில் கூடாரம், அதற்குப் பின்னால் பனிமலை. என் முதல் நீண்ட பயணத்தை நானும் அப்படி ஒரு படத்தை நம்பித்தான் தேர்ந்தெடுத்தேன். ஏழு நாள் மலைப்பாதை, தினமும் ஆறு மணி நேரம் சேணத்தில். மூன்று நாள் நன்றாகவே போயிற்று. நான்காம் நாள் காலை கூடாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்தால், இரண்டு முழங்காலின் உட்பக்கமும் தோல் உரிந்து, கால்சட்டைத் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே சேணம் பூட்டும் சத்தம் கேட்டது. வண்டி வரக்கூடிய சாலைக்கு இன்னும் இரண்டு நாள் போக வேண்டும். ஏறித்தான் ஆக வேண்டும்.

அன்றிலிருந்து எந்தப் பயணத்தைப் பார்த்தாலும் நான் கேட்பது இதைத்தான்: நான்காம் நாள் காலையில் உடம்பு முடியவில்லை என்றால், அல்லது குதிரை எனக்கு ஒத்துவரவில்லை என்றால், அங்கே என்ன வழி? தனியாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நமக்காகப் பேசவோ, பையைத் தூக்கவோ, "இன்றைக்கு இவரை விடுங்கள்" என்று சொல்லவோ கூட ஆள் இருக்காது.

ஒரே லாயமா, ஊர் ஊராகவா?

பெரிய பிரிவு இங்கேதான். ஒரே லாயத்தை மையமாக வைத்த பயணத்தில் வாரம் முழுக்க ஒரே அறையில் தங்கலாம். காலையில் கிளம்பி மாலையில் அதே இடத்துக்குத் திரும்புவீர்கள். பிரான்சின் தெற்கே, ரோன் ஆறு கடலில் சேரும் கமார்க் சதுப்பு நிலம் இதற்கு நல்ல உதாரணம். அங்குள்ள வெள்ளைக் குதிரைகள் பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். வளர வளரத்தான் வெளுக்கும். சேற்றிலும் தண்ணீரிலும் அவை தயங்காமல் இறங்கும், நாம் உட்கார்ந்திருந்தால் போதும்.

நான்காம் நாள் முடியவில்லையா? அன்று படுத்துவிடலாம். மற்றவர்கள் போய் வரட்டும். குதிரை ஒத்துவரவில்லையா? லாயத்தில் இன்னும் பத்து நிற்கும், மாற்றித் தருவார்கள். குழுவில் வேகமாகப் போகிறவர்களும் மெதுவாகப் போகிறவர்களும் இருந்தால் இரண்டாகப் பிரிக்கவும் முடியும். இந்தச் சௌகரியங்களுக்கு விலை உண்டு. மூன்றாவது நாளுக்குள் பாதைகள் பழகிவிடும். குதிரைக்கும் பழகிவிடும். வீட்டுப் பக்கம் திரும்பும் முனை வந்ததும் அது காதை முன்னால் விறைத்து நடையைக் கூட்டுவது உங்கள் தொடைக்கே தெரியும். எங்கோ போய்க்கொண்டே இருக்கிறோம் என்ற உணர்வு இந்த வகையில் கிடைக்காது.

அந்த உணர்வுக்காகத்தான் மனிதர்கள் ஊர் ஊராகப் போகும் பயணத்தைத் தேடுகிறார்கள். காலையில் ஒரு பள்ளத்தாக்கு, ராத்திரி இன்னொன்று. குதிரைக்கும் நமக்கும் இடையே ஒரு பழக்கம் வளர இதுதான் சரியான வழி. ஒரே குதிரையின் முதுகில் ஐந்து நாள் உட்கார்ந்தால், அது கல் பார்த்துத் தயங்குவதும் தண்ணீர் மோப்பம் பிடித்துத் தலையை ஆட்டுவதும் வேறு வேறு என்று புரிய ஆரம்பிக்கும். ஒரு லாயத்தில் ஒரு வாரம் இருந்தும் எனக்கு இது கிடைத்ததில்லை.

ஆனால் இதில் எல்லாரும் ஒன்றாகத்தான் போக வேண்டும். குதிரையின் சாதாரண நடை மணிக்கு ஆறேழு கிலோமீட்டர். ட்ராட் என்ற துள்ளு நடை அதைப்போல இரண்டு மடங்கு. கேன்டர் என்ற நிதானமான ஓட்டம் அதற்கும் மேல். குழுவில் ஒருவர் கேன்டரில் பயந்தால் அன்று யாருக்கும் கேன்டர் இல்லை. நண்பர்களோடு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தனியாக வந்தவர் வாயைத் திறக்காமல் ஒரு வாரம் நடையிலேயே போவார், அல்லது தன் சக்திக்கு மீறி மற்றவர்களைத் துரத்திக்கொண்டு போவார். இரண்டுமே நான் பார்த்திருக்கிறேன்.

ஐஸ்லாந்தும் புல்வெளி நாடுகளும்

ஊர் ஊராகத்தான் போவேன் என்று முடிவு செய்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். ஒரு பக்கம் ஐஸ்லாந்து, இன்னொரு பக்கம் மங்கோலியாவும் கிர்கிஸ்தானும்.

ஐஸ்லாந்தின் குதிரை உருவத்தில் சிறியது, ஆனால் வளர்ந்த ஆளைச் சுமந்து நாள் முழுக்கப் போகும். மற்ற குதிரைகளுக்கு உள்ள மூன்று நடைகள் போக இதற்கு இன்னும் இரண்டு உண்டு. அதில் ஒன்றுதான் 'டோல்ட்'. எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும், அதனால் வேகம் கூடினாலும் முதுகு குலுங்காது. ட்ராட்டில் இடுப்பு உடைகிறவர்களுக்கு இது வரம் என்றுதான் சொல்வேன். நீண்ட பயணங்களில் சவாரி இல்லாத குதிரைகளையும் மந்தையாகக் கூடவே ஓட்டிக்கொண்டு போவார்கள். வழியில் நிறுத்தி, களைத்த குதிரையின் சேணத்தை அவிழ்த்து, மந்தையிலிருந்து பிடித்த இன்னொன்றுக்கு மாட்டுவார்கள். குதிரைக்கு ஓய்வு, நமக்குப் புதுப் பழக்கம். அறுபது எழுபது குதிரைகள் பிடரி பறக்க முன்னால் ஓட, நாம் பின்னால் ஓடுவது வேறெதற்கும் ஈடாகாது. ஆனால் மந்தை ஓடும்போது நம் குதிரை நிற்காது. கேன்டரில் நிதானமாக உட்காரத் தெரியாதவர்கள் இதற்கு வரக்கூடாது.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பல நூற்றாண்டுகளாக வெளிக்குதிரை வராததால் அந்தக் குதிரைகளுக்கு வெளிநோய்களைத் தாங்கும் சக்தி இல்லை. நாட்டை விட்டு வெளியே போன குதிரையைக்கூடத் திரும்ப விடமாட்டார்கள். நீங்கள் பயன்படுத்திய சேணம், கடிவாளம், தோல் கையுறை எதையும் கொண்டு போகக்கூடாது. போட்டுப் பழகிய சவாரி உடையையும் காலணியையும் விதிப்படி சுத்தம் செய்துதான் எடுத்துப்போக வேண்டும்.

மங்கோலியப் புல்வெளியில் நிலைமை வேறு. குதிரைகள் வருஷம் முழுக்க வெளியிலேயே மேய்கிறவை, பாதி காட்டுத்தனம் மிச்சம் இருக்கும். 'ச்சூ' என்றால் கிளம்பும். மழைச்சட்டை காற்றில் படபடத்தால் மிரண்டு ஓடும். அதனால் சட்டை மாற்றுவதென்றால் இறங்கி நின்றுதான் மாற்ற வேண்டும். உள்ளூர் மரச் சேணம் நமக்குப் பழக்கமில்லாதது. தோல் சேணம் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கிர்கிஸ்தானில் சோங் கோல் ஏரிக்குப் போகும் பாதை புகழ்பெற்றது. ஏரி 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை மாதங்களில்தான் மேய்ப்பர்கள் அங்கே வட்டக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். நடையே அதிகம், ஓட்டம் குறைவு. சவாரி அவ்வளவாகத் தெரியாதவர்களும் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் உயரம் தலைவலியைக் கொண்டுவரும், கோடையிலும் ராத்திரி குளிர் எலும்பைத் தொடும்.

நான்காம் நாள் கேள்விக்கு வருவோம். பல ஐஸ்லாந்துப் பயணங்களில் சாமான் ஏற்றிய வண்டி வேறு வழியாக வந்து சேரும். அன்று முடியாதவர் அதில் ஏறிக்கொள்ளலாம். புல்வெளியிலும் உயர் மலையிலும் பல இடங்களில் வண்டியே வராது. இதனால்தான், நீண்ட பயணத்துக்கு முதன்முதலாகத் தனியாகக் கிளம்புகிறவர் கேட்டால், கேன்டர் தெரியும் என்றால் தயங்காமல் ஐஸ்லாந்து என்று சொல்வேன். மங்கோலியா இரண்டாவது பயணமாக இருக்கட்டும்.

மற்ற வகைகள்

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் பக்கத்துப் பண்ணைகளில் பெரிய மேற்கத்திய சேணம், முன்னால் பிடித்துக்கொள்ளக் கொம்பு, ஒரே கையில் கடிவாளம். புதியவர்களுக்கு அந்தச் சேணம் நாற்காலி மாதிரி இருக்கும். விருந்தினருக்காகவே நடத்தும் பண்ணைகளில் பள்ளி விடுமுறைக் காலத்தில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். தனியாகப் போகிறவர் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடலாம். சில பண்ணைகள் பெரியவர்களுக்கு மட்டும் என்று சில வாரங்களை ஒதுக்குகின்றன. மாடு மேய்க்கும் உண்மையான பண்ணைக்குப் போனால் மாட்டின் வேலைதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தில் குதிரை சஃபாரி என்பது தனி உலகம். குதிரையின் வயிறு நனையும் தண்ணீரில் போவீர்கள், ஒட்டகச்சிவிங்கியின் பக்கத்தில் நிற்பீர்கள். ஆனால் யானையோ சிங்கமோ எதிர்ப்பட்டால் வழிகாட்டி சொன்ன நொடியில் நாலுகால் பாய்ச்சலில் விலகத் தெரிய வேண்டும். சவாரி சோதித்துத்தான் சேர்ப்பார்கள். அதில் தோற்றால் வருத்தப்பட வேண்டாம், அந்தக் கண்டிப்பு உங்கள் உயிருக்காக. இவ்வளவும் தெரிந்தவருக்குத் தனியாகப் போக இது அருமையான இடம். குழு சிறியது, இருட்டிய பிறகு யாரும் தனியே நடக்க முடியாது, எல்லாரும் ஒரே நெருப்பைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். இரண்டாம் ராத்திரிக்குள் சிநேகம் ஆகிவிடும்.

போர்ச்சுகலில் லூசிட்டானோ குதிரைகளின் மேல் பாடம் கற்கும் பயணம் ஊர் பார்க்கிறவர்களுக்கானது இல்லை. தினமும் ஓரிரண்டு மணி நேரம் வளையத்துக்குள் பயிற்சி, அவ்வளவுதான். நிறையக் கற்கலாம்.

தனியாகப் போகிறவர்களுக்கு

தனியாகக் குதிரையில் போனவர்கள் என்றால் எனக்கு நினைவு வருவது இரண்டு பேர். 1873-இல் இங்கிலாந்தின் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் அமெரிக்காவின் ராக்கி மலைகளில் தனியாகச் சுற்றினார். அந்தக் காலத்துப் பெண்களைப்போல ஒரு பக்கமாக உட்கார்ந்தால் முதுகுவலி உயிரை எடுத்ததால், இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினார். சுவிட்சர்லாந்தில் பிறந்த எமே சிஃபெலி 1925-இல் மான்ச்சா, காட்டோ என்ற இரண்டு கிரியோயோ இனத் தென்னமெரிக்கக் குதிரைகளோடு அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் கிளம்பினார்; அடிபட்ட காட்டோவை மெக்சிகோவில் விட்டுவிட்டு, மான்ச்சாவோடு 1928-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இருவருமே வழியில் கண்டவர்களின் வீட்டுத் திண்ணையையும் தயவையும் நம்பித்தான் போனார்கள். ஆகவே தனியாகப் போவது என்பதை, யாரை நம்பிப் போகப்போகிறோம் என்று தேர்ந்தெடுப்பதாகவே நான் பார்க்கிறேன்.

அதற்கு முன்பதிவுக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். இதுவரை எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்? அவர்கள் தனித்தனியாக வருகிறவர்களா, ஒரே குழுவா? ஐந்து நண்பர்களுக்கு நடுவே ஆறாவதாக உட்காருவது, ஆளே இல்லாமல் வழிகாட்டியோடு மட்டும் போவதைவிடத் தனிமையானது. குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் பயணம் ரத்தாகுமா? அறையைப் பகிரச் சம்மதித்தும் ஜோடி கிடைக்காவிட்டால் தனி அறைக்கான கூடுதல் கட்டணம் யார் தலையில்? வழிகாட்டியோடு பேச எந்த மொழி?

எடையையும் திறமையையும் உள்ளபடி எழுதுங்கள். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்பது பரவலான கணக்கு. 450 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 90 கிலோ. இரண்டு மூன்று கிலோவைக் குறைத்து எழுதினால் அதன் முதுகுதான் சொல்லும். வாரம் ஒரு மணி நேரப் பாடத்தை வைத்து உங்களை எடைபோடவும் வேண்டாம். கிளம்புவதற்கு முன் அடுத்தடுத்து இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எங்கே உரசும், எந்த உள்ளாடை சரி என்று அப்போதுதான் தெரியும். தலைக்கவசம் சொந்தமாக இருக்கட்டும். ஒருமுறை அடிபட்ட கவசத்தை மறுபடி போடாதீர்கள். பயணக் காப்பீடு குதிரைச் சவாரியையும், மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்பதையும் சேர்த்ததுதானா என்று வரி விடாமல் படியுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் குதிரைகளைப் பாருங்கள். சேணத் துணியைத் தூக்கி முதுகைப் பார்க்கலாம். வயிற்றுப்பட்டை போகும் இடத்தில் புண் இருக்கிறதா, முடி உதிர்ந்து வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். குதிரையைக் கவனிக்காதவர் உங்களைக் கவனிக்க மாட்டார்.

என்னுடைய அந்த நான்காம் நாள் காலையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் கூடாரத்திலிருந்து கால் அகட்டி நடந்து வந்ததைப் பார்த்தே வழிகாட்டிக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் குதிரையின் வயிற்றுப்பட்டையைத் தளர்த்தி, ஆட்டுத்தோல் ஒன்றை மடித்துச் சேணத்தின் மேல் போட்டார். அங்கவடியை இரண்டு துளை இறக்கினார். ஒரு துணிச்சுருளைக் கையில் கொடுத்து, முழங்காலைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சைகை காட்டினார். பத்து நிமிஷம் நடந்த பிறகு நிறுத்தி இறங்கி, அடக்கியிருந்த மூச்சைக் குதிரை விட்டிருந்ததால் பட்டையை மறுபடி ஒரு துளை இறுக்கினார். அன்று முழுக்க என் பக்கத்திலேயே வந்தார். இப்போதெல்லாம் எந்த நிறுவனத்துக்கு எழுதினாலும் என் கடிதத்தின் கடைசி வரி இதுதான்: அந்த வாரம் எங்களை அழைத்துப் போகிறவர் யார், அந்தக் குதிரைகளோடு அவர் எத்தனை வருஷமாக இருக்கிறார்?