மழை வந்தால் தானே விரியும் மாடி ஆனிங்: ஒன்றரை வருஷம் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன்

ஆனிங் என்றால் சுவரில் சுருட்டி வைத்திருக்கும் துணிக் கூரை, வேண்டும்போது வெளியே விரியும். இதை வாங்கக் காரணம் அம்மாவின் முழங்கால். சித்திரை, வைகாசியில் எங்கள் மாடியில் கூழ் வடாமும் மோர் மிளகாயும் காயும். திடீரென்று நாலு தூறல் விழுந்தால் போதும், "டேய், வடாம்டா!" என்று கத்திக்கொண்டே நான் எழுந்திருப்பதற்குள் அவரே பாதிப் படி ஏறியிருப்பார். நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை பரவாயில்லை, வரும் என்று தெரியும், துணியை உள்ளேயே காயப்போட்டுவிடலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பகலெல்லாம் கொளுத்திவிட்டு சாயங்காலம் இடியோடு வந்து நிற்கும் மழைதான் ஏமாற்றும்.

நான் போட்டது ஹெட்ரூம் (மாடிப்படி முடியும் இடத்து அறை) சுவரில் மாட்டும் மடக்குக் கை ஆனிங், அதாவது முழங்கை மாதிரி மடங்கி நீளும் இரும்புக் கைகள் துணியை வெளியே தள்ளும். 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் வெளியே நீளும், துணி சுருளும் குழாய்க்குள் 230 வோல்ட் மோட்டார், கூடவே மழை சென்சாரும் காற்று சென்சாரும். வயரிங், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

பொருத்திய அன்று நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். வந்த பையன் துணியை முழுசாக விரித்துவிட்டு, சென்சார் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் தெளித்தான். துணி சமர்த்தாக உள்ளே சுருண்டுகொண்டது. "பார்த்தீங்களா சார், எப்படி வேலை செய்யுது!" என்றான். நானும் தலையாட்டினேன். அம்மாதான் கேட்டார்: "ஏம்பா, மழை வந்தா விரியணும்தானே? இது என்ன உள்ள போய் ஒளிஞ்சுக்குது?" விஷயம் என்னவென்றால், இந்த மாதிரி ஆனிங் முதலில் வெயிலுக்காக வந்தது, துணி நனைந்து கெட்டுப்போகாமல் இருக்க மழை பட்டதும் சுருட்டிக்கொள்ளும்படிதான் பல கன்ட்ரோல் பாக்ஸில் செட்டிங் இருக்கும். அதை மாற்றிவைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை, ஆபீசுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசி மாற்றினான். நீங்கள் வாங்கினால் பணம் கொடுப்பதற்கு முன் இந்த டம்ளர் சோதனையைச் செய்துவிடுங்கள்.

சென்சாரைப் பற்றிக் குறையே இல்லை. ஒரு சின்னத் தகட்டில் இரண்டு சீப்புகளைக் கோத்துவைத்த மாதிரி உலோகக் கோடுகள், நடுவில் துளி விழுந்தால் மின்சாரம் பாய்ந்து மழை என்று புரிந்துகொள்ளும். அவ்வளவுதான். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் இதே தத்துவத்தில் நூறு ரூபாய்க்கே பலகை கிடைக்கும், பக்கத்து வீட்டுப் பையன் காலேஜ் புராஜெக்டுக்கு வாங்கி அவர்கள் மாடியில் மாட்டினான், ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, கோடெல்லாம் பச்சை பூத்துப்போனது. ஈரத்தில் எந்நேரமும் மின்சாரம் ஓடினால் உலோகம் அரிக்கத்தான் செய்யும். என்னுடையதில் கோடுகளுக்குத் தங்க முலாம், அடியில் சின்ன ஹீட்டரும் உண்டு. ஹீட்டர் எதற்கு என்று முதலில் நினைத்தேன், மார்கழியில் புரிந்தது. விடியற்காலைப் பனியை அது உலர்த்திவிடுகிறது, இல்லையென்றால் தினமும் அஞ்சு மணிக்கு மோட்டார் ஊரை எழுப்பும். மழை விட்ட பிறகு தகடு சீக்கிரம் காய்ந்து துணி திரும்பச் சுருள்வதும் அதனால்தான். காக்கை எச்சத்துக்கு மட்டும் மருந்தில்லை, இரண்டு முறை நல்ல வெயிலில் விரிந்துகொண்டு நின்றது. மாசம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். (காக்கைக்கு வடாம் பக்கத்தில் கருப்புக் குடை விரித்து வைப்பது இப்போதும் தொடர்கிறது, அதற்கு எந்த சென்சாரும் ஈடில்லை.)

முதல் துளி பட்டதிலிருந்து முழுசாக விரிய முக்கால் நிமிஷம் ஆகும். தூறலில் தொடங்கும் மழைக்கு அது தாராளம்.

சிக்கல் காற்றில்தான். கன்ட்ரோல் பாக்ஸில் காற்று சென்சார் சொல்வதுதான் சட்டம், மழை சென்சார் அதற்குக் கீழே. காற்று அளவை மீறினால் மழை கொட்டினாலும் துணி சுருண்டுவிடும். போன மே மாசம் அதுதான் நடந்தது. துளி விழுந்தது, துணி அழகாக விரிந்தது, நான் கீழே காபியோடு உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு சுழல் காற்று அடித்து, துணி உள்ளே போய், வடாம் பிழிந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே கூழாகத் திரும்பிவிட்டது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை, ஆனிங்கோடு அல்ல, என்னோடு. கோபத்தில் கம்பெனிக்குப் போன் செய்தேன், அவர்கள் சொன்னது நியாயம்தான்: சுருளாமல் நின்றிருந்தால் ஆனிங்கின் கை முறிந்து பக்கத்து வீட்டு ஜன்னலில் போய் விழுந்திருக்கும். ஐரோப்பியத் தர விதியில் இரண்டாம் வகுப்பு ஆனிங் என்றால் மணிக்கு 38 கி.மீ. காற்று வரைதான் கணக்கு. என்னுடையது அந்த வகுப்பு, ஆனால் எந்தக் காற்றில் சுருள வேண்டும் என்று வைக்கும் ஸ்க்ரூவைப் பொருத்திய பையன் ஆகக் குறைந்த அளவில் விட்டுப் போயிருந்தான். இப்போது 35 கி.மீ.க்கு ஏற்றிவைத்த பிறகு சாதாரண மழைக் காற்றுக்குச் சுருள்வதில்லை. இடி மழைக்கு இன்றும் நம்பவில்லை.

அப்புறம் கரண்ட். நம்ம ஊரில் மழை வருகிறது என்று மின்வாரியத்துக்குத்தான் முதலில் தெரியும்! ஆரம்பத்தில் இன்வெர்ட்டர் லைன் மாடிக்கு இல்லை, சென்சார் ஈரத்தைக் கண்டுபிடித்து என்ன, மோட்டார் சும்மா நின்றது. எலக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டரிலிருந்து தனி வயர் இழுக்க இன்னொரு 3,500 ஆனது. விலை பேசும்போதே இதைச் சேர்த்துக் கேளுங்கள். அவசரத்துக்குக் கையால் சுற்றும் கைப்பிடி இருக்கும் மோட்டாரா என்றும் பாருங்கள், என்னுடையதில் இல்லை, அது என் முட்டாள்தனம்.

துணியின் சாய்வும் முக்கியம். 3 மீட்டருக்கு முக்கால் மீட்டராவது இறங்க வேண்டும், சுமார் 14 டிகிரி. எனக்கு முதலில் கிட்டத்தட்ட மட்டமாகவே மாட்டிவிட்டார்கள், முதல் நல்ல மழையில் நடுவில் தொட்டி மாதிரி தண்ணீர் தேங்கித் துணி தொங்கியது, துடைப்பக் கட்டையால் அடியிலிருந்து குத்தித் தள்ளினேன். மறுவாரம் வந்து சரிசெய்தார்கள், காசு வாங்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். துணி காயப்போட மட்டும் என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை, ஒரு தகரக் கூரை போடுங்கள். வெயிலும் வேண்டும், மழையும் படக்கூடாது, வீட்டில் முழங்கால் வலியோடு ஓடும் ஆள் இருக்கிறார் என்றால் வாங்கலாம். இந்த வருஷம் மோர் மிளகாய் முழுசாகத் தப்பித்தது. வடாம் போடும் நாளில் மட்டும், மேற்கே இருட்டினால் நானே மாடிக்குப் போய் நிற்கிறேன்.