மாடியறையில் ஒரு சைக்கிள்: பழைய டிரெய்னரும் ஸ்விஃப்ட்டும்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை மிதிக்கும் ஆசையை மூட்டைகட்ட வேண்டியதுதான். அதனால் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க, பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி ஓட்டும் டிரெய்னர் என்ற தாங்கி, பழையது ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். முதல் நாளே மாடியறை முழுக்க ரப்பர் வாடை. டயருக்கடியில் சலித்துக் கொட்டியதுபோல் கறுப்புத் தூள். டிரெய்னருக்கென்றே விற்கும் டயரை மாட்டிய பிறகுதான் அது அடங்கியது. சத்தம் அடங்கவில்லை. கிரைண்டரை யார் இந்நேரத்தில் போட்டது என்று அம்மா கீழிருந்து கேட்கிறார்.

இது ஸ்மார்ட் வகை அல்ல. மிதிக்க மிதிக்கக் கற்பனைச் சாலையில் ஓடவைக்கும் செயலியான ஸ்விஃப்ட்டின் (Zwift) திரையில் ஏற்றம் வந்தாலும் மிதி தானாக இறுகாது. கியரை நானே மாற்ற வேண்டும். சக்கர அச்சில் வேக சென்சார் ஒன்றைக் கட்டினேன். அந்த வேகத்தை வைத்து, நான் மிதிக்கும் திறன் எத்தனை வாட் என்ற கணக்கை ஸ்விஃப்ட் உத்தேசமாகப் போடுகிறது. டயரில் காற்று தினமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பும்.

நிஜச் சாலைகளின் வீடியோ பிடித்தவர்களுக்கு ரூவி (Rouvy) என்ற செயலி இருக்கிறது. எனக்கு ஸ்விஃப்ட்டின் கற்பனைத் தீவு வட்டோப்பியாவே போதும். சந்தா மாதாமாதம் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

டேபிள் ஃபேன் இல்லாமல் மட்டும் ஏறாதீர்கள். 20 நிமிடத்தில் துண்டைப் பிழிந்தேன்.