பனிக்காலத்தில் மண்ணெண்ணெய் இறைப்பு மிசின்: ஒன்பது வருட அனுபவம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் இரண்டு இஞ்சி வாட்டர் பம்ப் ஒன்று ஒன்பது வருடமாக ஓடுகிறது. பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பு இதில்தான். வெயில் காலத்தில் இது தொல்லை தந்ததே இல்லை. பிரச்சினை எல்லாம் தை, மாசியில்தான். மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்களே, அந்த விடியற்காலைகளில்.

முதல் வருடம் இழுத்து இழுத்துக் கயிறே அறுந்தது. மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கொயிலையும் மாற்றினார். மறுநாளும் அதே கதை. பக்கத்துத் தோட்டத்து ஐயா வந்து பிளக்கைக் கழற்றி என் மூக்கருகே பிடித்தார். கறுத்து, நனைந்து, மண்ணெண்ணெய் மணந்தது. "தம்பி, மிசின்ல பிழையில்லை. நேற்றுப் பின்னேரம் நீ நிப்பாட்டின விதந்தான் பிழை" என்றார். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை அது. சொன்னது சரியாகவே இருந்தது.

மண்ணெண்ணெய் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விட ஏறக்குறைய 38 பாகை சூடாவது வேண்டும். எங்கள் பனிக்காலை 22 பாகைதான். பெற்றோலுக்கு இந்தக் குளிர் ஒன்றுமேயில்லை. ஆகவே எரிபொருளைக் காற்றோடு கலக்கிற காபரேற்றருக்குள் முதல்நாள் மண்ணெண்ணெய் தேங்கி நின்றால் எத்தனை தரம் இழுத்தாலும் பிடிக்காது. அன்றிலிருந்து நிற்பாட்ட மூன்று நிமிடத்துக்கு முன்பே பெற்றோலுக்குத் திருப்பிவிடுகிறேன். காலையில் பெற்றோலில் ஐந்து நிமிடம் ஓடி, ஹெட் நன்றாகச் சுட்ட பிறகுதான் மண்ணெண்ணெய். அவசரப்பட்டு மாற்றினால் வெள்ளைப் புகை கக்கும், பிளக்கும் கரி பிடிக்கும்.

ஒயிலில் கவனம் வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அளவு குறையாமல் கூடியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், முகர்ந்து பாருங்கள். நான் 50 மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்றுகிறேன். அரை லீற்றரை விடச் சற்றுக் கூடத்தான் பிடிக்கும். அதில் மிச்சம் பிடித்து எஞ்சினைத் தேய்க்க எனக்கு மனம் வராது.

மண்ணெண்ணெய்க் கானின் அடியில் தண்ணீர் நிற்கும், அதனால் கடைசி வாயை ராங்கிக்குள் ஊற்றுவதில்லை. வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் பாசிமணி போல் உருண்டு கிடந்தால் அது தண்ணீர்தான். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரால், கிணற்றுக்குள் குழாயின் நுனியில் இருக்கிற பூட் வால்வில் வெள்ளைப் படை கட்டும், அதையும் போகத்துக்கு ஒருதரம் சுரண்ட வேண்டும்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியபோது பலர் கரண்ட் மோட்டாருக்கு மாறினார்கள். கிணற்றடிக்குக் கரண்ட் இருந்தால் அதுதான் இலாபம், மறுக்கமாட்டேன். எங்களுடையதற்குக் கம்பி இன்னும் வரவில்லை. இந்த மாசியிலும் மிசின் இரண்டாம் இழுவையில் பிடித்தது.