புள்ளி பெருத்தால் எங்கே திருத்துவது: பைலிலா, பிளேட்டிலா?

கும்பகோணத்தில் எங்களுடையது சின்ன ஆப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீஸும்தான் பிழைப்பு. கலர் வேலையில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது டாட் கெயின். அச்சில் படம் என்பது பொடிப் பொடிப் புள்ளிகள்தான்; அச்சாகும்போது அந்தப் புள்ளி பெருத்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்வோம். பைலில் 50 சதவீத இடத்தை அடைக்கும் புள்ளி, பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டின் அழுத்தத்தில் நசுங்கி, தாளில் மை ஊறி, 70-ஐத் தாண்டிப் பதியும். அதிக வெளிச்சமும் அதிக இருட்டும் இல்லாத நடு டோனில்தான் பெருக்கம் அதிகம். முகங்கள் இருப்பதும் அங்கேதான். மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு மை) கொஞ்சம் கூடினாலும் மஞ்சள் காப்பு அம்மன் முகம் சிவந்து கன்றிவிடும்.

திருத்த இரண்டு வழி. போட்டோஷாப்பில் படத்தையே வெளுக்க வைக்கலாம். இல்லை, படத்தைத் தொடாமல் சி.டி.பி.யில் (கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும் மிஷின்) பிளேட் எடுக்கும்போது கர்வ் போட்டு, அதாவது எந்த அளவுப் புள்ளியை எவ்வளவாகக் குறைப்பது என்று கணக்குக் கொடுத்து, புள்ளியைச் சிறிதாக்கலாம். பல வருஷம் முதல் வழியில் ஓட்டினோம். இப்போது பிளேட் கர்வுக்கு மாறிவிட்டோம்.

பைலில் திருத்துவதற்குத் தனிச் செலவில்லை. ஒரே தடவை அடித்து முடிகிற வேலைக்கு இன்றும் அது போதும். எங்களை மாற்றியது மறு ஆர்டர்தான். ஒரு கோயில் நோட்டீஸைப் பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் அடித்தோம், நன்றாகவே வந்தது. அடுத்த வருஷம் அதே படத்தைப் பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் கேட்டார்கள். ஆர்ட் பேப்பரில் மை அவ்வளவு ஊறாது. மேப்லித்தோவுக்காக வெளுத்த அம்மன் முகம் சோகை பிடித்தது போல வந்தது. மூக்குத்தியைச் சுற்றி இருந்த மெல்லிய நிழலே காணோம். ஒரிஜினலைத் தேடினால், அதன் மேலேயே சேவ் செய்திருக்கிறோம். பிளேட் கர்வில் இந்த வம்பே இல்லை. பைல் ஒன்றுதான், தாளுக்குத் தாள் கர்வ் மட்டும் மாறும்.

கர்வ் எடுப்பது இப்படி: திருத்தம் எதுவும் இல்லாத டெஸ்ட் பிளேட்டில் நான்கு கலருக்கும் 5 சதவீதப் படிகளாகக் கட்டங்கள். வழக்கமான மை அடர்த்தியில் ஓட்டி, காய்ந்ததும் டென்சிட்டோமீட்டரில் (மை அடர்த்தியையும் புள்ளி அளவையும் காட்டும் கருவி) அளக்க வேண்டும். 50 கட்டம் 66 ஆகப் பதிய வேண்டும் என்பது குறி, ஆனால் 74 வருகிறது என்று வையுங்கள். எந்த அளவு 66 ஆக வந்திருக்கிறது என்று பாருங்கள்; இரண்டு கட்டத்துக்கு நடுவில் விழுந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அது உதாரணத்துக்கு 41 என்றால், பைலில் 50 இருக்கும் இடத்தில் பிளேட்டில் 41 விழ வேண்டும். கலருக்குக் கலர் தனியாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கர்வ் போட்டால் சாம்பல் நிறத்தில் சாயம் ஏறும்.

50-ஐ 50 ஆகவே கொண்டுவரப் பார்க்காதீர்கள். படத்தை சி.எம்.ஒய்.கே.வாக (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைக்கு) மாற்றும்போதே, அந்த மாற்றத்துக்கான வண்ணக் கணக்கு பைலான புரொஃபைல் ஓரளவு பெருக்கத்தைக் கணக்கில் எடுத்துவிடுகிறது. அதற்கு மேல் போவதை மட்டும் வெட்டினால் போதும். மொத்தத்தையும் வெட்டினால் படம் வெளிறிவிடும்.

கர்வுக்குப் பராமரிப்பு உண்டு, அது உண்மை. மை, தாள், பிளாங்கெட் எது மாறினாலும் திரும்ப அளக்க வேண்டும். எங்களுக்கு நான்கு பிளேட்டும் அரை நாளும் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் வாங்கியிருக்கும்போது டெஸ்ட் ஓட்டுவதில்லை. அழுத்தமும் பிளேட்டை நனைக்கும் தண்ணீரும் சரியில்லாத மிஷினில் எடுத்த கர்வ், மிஷினைச் சரிசெய்த அன்றைக்கே தப்பாகிவிடும்.

நாங்கள் ஓட்டியது மேப்லித்தோவும் ஆர்ட் பேப்பரும்தான். நியூஸ்பிரிண்ட் வேலை எடுப்பவர்கள் எங்கள் எண்களை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். அதில் பெருக்கம் இன்னும் கூடுதல்.