விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), ஆடியோ விஷுவல் கோர்ஸ்னு பணம் கட்டப் போறவங்க ஒரு நிமிஷம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு, மீன்பிடி தடைக்காலமும் ஓடிக்கிட்டிருக்கு, இப்பதான் இந்த கோர்ஸுக்கு ஆள் சேர்க்கிறவங்க நம்ம ஊருக்குள்ள வருவாங்க. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பாமாருங்க எல்லாம் வீட்டுல இருப்பாங்க, கையில காசு இருக்காது, புள்ள நம்மள மாதிரி கடல்ல கெடந்து சாகக் கூடாதுங்கிற நெனப்பு மட்டும் இருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னாடி தங்கச்சிமடத்துல எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு ஆளு பேசினது இன்னும் காதுல கேக்குது. பி.எஸ்சி. ஆடியோ விஷுவல் டெக்னாலஜி, முடிச்ச கையோட டிவி சேனல்ல வேலை, நூறு சதவீதம் பிளேஸ்மென்ட். வருஷத்துக்கு 1,60,000. அம்மா சங்கிலியை அடகு வச்சுதான் முதல் தவணை கட்டினோம்.

முதல் வருஷப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கொடுத்தாங்க. அதுல நான் படிக்கிற இடத்தோட பேரே இல்ல. ஏதோ வெளி மாநில யுனிவர்சிட்டி பேரு, அடியில பொடி எழுத்துல டிஸ்டன்ஸ் எஜுகேஷன், கோர்ஸ் பேரு வெறும் பி.ஏ. நான் தபால்ல படிக்கிற டிகிரிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்டியிருக்கேன், அந்த யுனிவர்சிட்டிக்கு நேரா கட்டியிருந்தா வருஷத்துக்கு 7,500 தான். ரசீதை எடுத்துப் பாத்தேன், அதுல இருந்தது ஒரு டிரஸ்ட் பேரு. சேரும்போதே அதைப் படிச்சிருக்கணும்.

சொல்லிக்கொடுத்ததாவது ஒழுங்கான்னா அதுவும் இல்ல. 42 பேருக்கு ரெண்டு கேமரா, அதுல ஒண்ணுக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சு சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்துச்சு, வெளிச்சத்துக்கு எதிரா வச்சா படம் பூரா வெளுத்துப் போகும். ரெக்கார்டிங் ரூம்னு சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டி வச்சிருந்தாங்க, அது எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளிச் சத்தத்தை நிறுத்தாது, நாங்க எடுத்த ஒவ்வொரு ரெக்கார்டிங்லயும் தெருவுல போற ஆட்டோ ஹாரன் இருக்கும். பல மைக் சத்தத்தைக் கலக்குற மிக்ஸர் ஒண்ணு, நாலு சேனல், அதுல ரெண்டுல சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் நகராது. எங்க ஊர் மைக்செட் மாமாகிட்ட 16 சேனல் மிக்ஸர் இருக்கு, கெயின், அதாவது மைக்ல வர்ற சத்தத்தை எவ்வளவு கூட்டி எடுக்கிறதுங்கிறதை, எங்க வைக்கணும், மைக் ஏன் கூவுதுங்கிறதை லீவுல அவருகிட்டதான் கத்துக்கிட்டேன்.

ரெண்டாம் வருஷம் வெளிய வர்றேன்னப்போ ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிசியையும் பிடிச்சு வச்சுக்கிட்டாங்க, மீதி ஃபீஸ் கட்டினாதான் தருவோம்னு. ஒரிஜினலை வச்சுக்கக் கூடாதுன்னு 2018-லயே யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொல்லியிருக்கு, அதைச் சொன்னா, நாங்க காலேஜே இல்லையே தம்பி, அந்த ரூல் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்னு அங்க ஆபீஸ்ல இருந்தவரு கேட்டாரு. சேரும்போது காலேஜ், கேள்வி கேட்டா காலேஜ் இல்ல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிஞ்சு ரெண்டு மாசம் அலைஞ்சதுல சர்டிஃபிகேட் வந்துச்சு. பணம் வரல.

என்கூடச் சேர்ந்து கடைசி வரைக்கும் முடிச்சவங்க 30 பேரு, சேனலுக்குப் போனது ரெண்டே பேரு. மத்தவங்க கல்யாண ஸ்டூடியோ, செல்ஃபோன் கடை, ஒருத்தன் திரும்ப படகுக்கே போயிட்டான்.

இந்தத் துறை மோசம்னு நான் சொல்லல. சென்னை தரமணியில எம்ஜிஆர் பேர்ல அரசு திரைப்படக் கல்லூரி இருக்கு, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், அனிமேஷன் எல்லாம் தனித்தனியா நாலு வருஷ டிகிரி, அரசுக் கட்டணம். சீட்டு கம்மிதான், ஆனா எங்க வீட்டுல அதைப் பத்தி ஒருத்தரும் சொல்லல, விண்ணப்பம் போட்டுப் பாக்கக்கூட இல்ல. தனியார்லதான் சேரணும்னா டிகிரி எந்த யுனிவர்சிட்டி தருது, ரெகுலரா தபாலான்னு எழுத்துல கேளுங்க, அந்த யுனிவர்சிட்டிக்கே போன் போட்டு இந்த இடம் உங்க கீழதான் இருக்கான்னு விசாரிங்க, போன வருஷம் முடிச்ச அஞ்சு பேரு நம்பர் வாங்கி நீங்களே பேசுங்க. நம்பர் தர மாட்டேன்னா எழுந்து வந்துருங்க.

போன வாரம் உச்சிப்புளி பஸ் ஸ்டாண்டுல அதே கலர் நோட்டீஸ் கொடுத்திருக்காங்க. என் ஹால் டிக்கெட், ரசீது ரெண்டும் பத்திரமா இருக்கு, பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க, அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.