எடை குறைந்த தூண்டில் கோல்: ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2020 டிசம்பரில் நான் வாங்கிய ஏழடி கார்பன் தூண்டில் கோலின் உறையில் மூன்று வாசகங்கள் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன: எடை 98 கிராம், 99 சதவீதம் கார்பன், நாள் முழுவதும் வீசினாலும் கை சோராது. விலை 4,600 ரூபாய். அதற்கு முன்பு பதினோரு ஆண்டுகள் ஆறடிக் கண்ணாடியிழைக் கோல் ஒன்றையே வைத்துக்கொண்டு, மீன்பாசிக் குத்தகைக்காரரின் (ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவரின்) அனுமதி கிடைக்கும் ஏரிகளில், பெரும்பாலும் காவேரிப்பாக்கம் ஏரியில், ஞாயிறுதோறும் விராலுக்கும் ஜிலேபிக்கும் தூண்டில் போட்டு வந்தேன். நாற்பத்தைந்து வயதில் மணிக்கட்டு வலி தொடங்கியதால், அந்த மூன்றாவது வாசகத்தை நம்பியே பணம் கொடுத்தேன்.

முதல் வாரத்திலேயே, தெரிந்தவர் ஒருவரின் நகைக்கடைத் தராசில் கோலை வைத்துப் பார்த்தேன். 112 கிராம் காட்டியது. தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களையும், அவற்றைக் கட்டும் நூலையும், பிடியையும் பொருத்துவதற்கு முன் எடுத்த கணக்கை அச்சிட்டார்களோ என்னவோ. வாங்குகிறவன் கையில் பிடிப்பது முழுக் கோலைத்தான். பதினான்கு கிராமுக்காகச் சண்டை போடுவது அற்பமாகப் பட்டதால் அதை அப்போது பெரிதுபடுத்தவில்லை.

எனக்கு உண்மையில் பாடம் நடத்தியது எடை அன்று, எடை உட்கார்ந்திருக்கும் இடம். என் பழைய கோல் 192 கிராம். இரண்டிலும் நான் மாட்டியது, நரம்பைச் சுற்றி வைக்கும் 240 கிராம் எடையுள்ள ஒரே ரீல்தான். ஆக, பழையது ரீலோடு சேர்த்து 432 கிராம், புதியது 352 கிராம். பாதி எடை என்று கடைக்காரர் சொன்னது, கைக்கு வரும்போது ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாத கணக்காகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. ரீல் மாட்டிய கோலை ஒரு விரல்மேல் கிடத்தி நிறுத்தினால், பழையது ரீலிலிருந்து பதினான்கு சென்டிமீட்டர் முன்னே சமநிலை கொண்டது. புதியதோ ஓரடி நீளம் கூடியதாலும், பிடிப்பகுதி மிக மெலிந்திருந்ததாலும், பதினேழரை சென்டிமீட்டர் முன்னே போய்த்தான் நின்றது. எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் ஏறத்தாழ ஆறாயிரம் வருகிறது. அதாவது நுனியைத் தூக்கிப் பிடிப்பதற்கு என் மணிக்கட்டு செய்ய வேண்டிய வேலை, எண்பது கிராம் குறைந்த பிறகும் கொஞ்சமும் குறையவில்லை. கரையில் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் கோலை வாங்கி இரண்டு முறை அசைத்துவிட்டு, “கனமே இல்ல தம்பி, ஆனா தலை தொங்குதே” என்றார். நான் விரலும் அளவுகோலும் வைத்துக் கண்டதை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அடிப்பகுதி மூடியைக் கழற்றி, உள்ளே முப்பது கிராம் ஈயக்குண்டுகளைத் துணியில் சுற்றி அடைத்தேன். சமநிலைப் புள்ளி மூன்றரை சென்டிமீட்டர் பின்னே வந்தது. அன்று மாலை வலி இல்லாமல் வீடு திரும்பினேன். எடை குறைவுக்கென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கோலில் ஈயத்தைப் போட்டு நிரப்பிய பிறகே அது இலகுவாகியது என்பதை என் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

99 சதவீதம் கார்பன் என்பதற்கும் ஒரு விளக்கம் தேவை. கார்பன் இழைத்துணியை எபாக்சிப் பிசினில் தோய்த்து, உருளையில் சுற்றி, சூட்டில் இறுக்கித்தான் கோலைச் செய்கிறார்கள். முடிந்த கோலின் எடையில் பிசினுக்குக் கணிசமான பங்கு உண்டு. சதவீதம் குறிப்பது துணியில் உள்ள இழையை மட்டுமே. உறையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்த “40 டன்” என்பதும் அப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அது கோல் தாங்கும் பாரமோ வலிமையோ அன்று, இழையின் விறைப்புக்கான அளவு. சாதாரணக் கார்பனுக்கு 24 டன் என்றால், கண்ணாடியிழைக்கு ஏழு டன் அளவில்தான் வரும். விறைப்பு கூடக்கூட, அதே நிமிர்வுக்கு மெல்லிய சுவரே போதும் என்பதால் எடை குறைகிறது. சுவர் மெலிந்தால் கல்லில் படும் சிறு அடியையும் தாங்காது என்பதற்கு உறையில் இடமில்லை போலும்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்த பிறகு அமைந்த பருவம்தான் இந்தக் கோலின் பொற்காலம். பொய் இரையான ரப்பர்த் தவளையைத் தாமரை இலைகளுக்கு இடையே போட்டு இழுத்தபோது, விரால் உரசிச் செல்வதுகூட விரலுக்குத் தெரிந்தது. பழைய கோலில் அந்த உணர்வே கிடையாது. விளம்பரத்தில் ஒரு வரியும் சொல்லாத இந்தக் குணத்துக்காகவே நான் கார்பனைப் பரிந்துரைப்பேன். சொல்லாத அபாயமும் ஒன்று உண்டு: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையை ஒட்டிப் பம்புசெட்டுகளுக்குப் போகும் கம்பிகளுக்குக் கீழே இக்கோலை நிமிர்த்திப் பிடித்து நடக்கவே கூடாது. இடி மின்னல் நேரத்திலும் அப்படியே.

2022 மே மாதம், பூட்டிய காருக்குள் இரண்டு பகல் கிடந்ததில் பிடியின் நுரைப்பகுதி பசை விட்டுச் சுழலத் தொடங்கியது. வேலூர் வெயிலில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒட்டிக்கொண்டேன்.

2023 பிப்ரவரியில், ஒன்றேகால் கிலோகூடத் தேறாத விரால் ஒன்றைக் கரையேற்றும்போது, நுனியிலிருந்து நாற்பது சென்டிமீட்டரில் கோல் பட்டென்று முறிந்தது. மூன்று வாரங்களுக்கு முன் அது வண்டியிலிருந்து வழுக்கி, ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலின் கல்லில் விழுந்திருந்தது. அப்போது பூச்சில் நகக்கீறல் அளவு தடம்தான் தெரிந்தது. தயாரிப்பாளருக்குப் புகைப்படங்களோடு எழுதினேன். “தவறான கையாளுதல்” என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோலைச் செங்குத்துக்கும் அப்பால் நான் பின்னே சாய்த்து, முழு இழுப்பையும் நுனிமேல் ஏற்றியிருந்தேன் என்பதால் அந்தப் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதிக்கு அவர்கள் பொறுப்பேற்கவில்லை.

முறிந்த இடத்தைத் தேய்த்துச் சீராக்கி, புதிய நுனி வளையம் ஒன்றை ஒட்டி, ஐந்தடி எட்டு அங்குலக் கோலாக அதை ஜிலேபிக்குத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். நீளம் குறைந்ததில் தலை தொங்குவது நின்றுவிட்டதால் ஈயத்தை எடுத்துவிட்டேன். சென்ற மாதம் அதே நகைக்கடைக்குப் போயிருந்தபோது மீண்டும் ஒருமுறை தராசில் வைத்தேன். நாற்பது சென்டிமீட்டரை இழந்த பிறகும் 106 கிராம் காட்டியது.